11 அமைப்புகளுக்கு ஒரே டிக்கெட்: பயணிக்கு யார் பொறுப்பு?
மும்பைப் பெருநகரப் போக்குவரத்து அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மும்பைப் பெருநகரப் பகுதி வளர்ச்சி ஆணையத்தின் ஆணையர், மத்திய, மேற்கு ரயில்வேக்களின் பொது மேலாளர்கள், மும்பை நகரப் பேருந்துகளை இயக்கும் பெஸ்ட் நிறுவனத்தின் பொது மேலாளர், மெட்ரோ நிறுவனங்களின் நிர்வாக இயக்குநர்கள், மாநிலப் போக்குவரத்து ஆணையர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

2025 அக்டோபர் 8 அன்று ‘மும்பை ஒன்’ செயலி தொடங்கிவைக்கப்பட்டது. புறநகர் ரயில், மெட்ரோ தடங்கள், மோனோ ரயில், பெஸ்ட் பேருந்து, தாணே, நவி மும்பை, மீரா பாயந்தர், கல்யாண் டோம்பிவிலி மாநகரப் பேருந்துகள் என 11 அமைப்புகளின் டிக்கெட்டை ஒரே செயலியில் எடுத்து, ஒரே க்யூஆர் குறியீட்டைக் காட்டி ஏறி இறங்க வழி பிறந்தது. செம்பூரிலும் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் சயான் கோலிவாடாவிலும் வாழ்ந்து, நாள்தோறும் இரண்டு மூன்று வண்டிகள் மாறி வேலைக்குப் போய் வரும் தமிழர்களில் ஒருவன் என்ற முறையில் நான் அதை மனதார வரவேற்றேன். அதே நிலையில் நின்றுதான் இந்தக் கேள்வியையும் கேட்கிறேன்: டிக்கெட் விற்பதில் ஒன்றுசேர முடிந்த இத்தனை அமைப்புகளால், அந்த டிக்கெட்டை நம்பி ஏறியவர் நடுவழியில் நிற்கும்போது ஏன் ஒன்றுசேர முடியவில்லை?

செயலி வருவதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பு நடந்ததை நினைவுபடுத்த விரும்புகிறேன். 2025 ஆகஸ்ட் 19 அன்று கொட்டிய மழையில், புறநகர் ரயில் தடங்களில் ஒன்றான ஹார்பர் தடத்தில் லோக்கல் ரயில்கள் நின்றுபோயின. அந்தத் தடத்தை நம்பியிருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்த அடுத்த வண்டியைத் தேடினார்கள். பலருக்கு அது தூண்களின் மேல் ஓடும் மோனோ ரயிலாக இருந்தது. மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் இடையே உயரத்தில் அந்த வண்டி மின்சாரம் அற்று நின்றது. குளிர்சாதனம் நின்ற பெட்டிகளில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த 500-க்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் ஏணிகள் வைத்து இறக்கினார்கள். கடைசிப் பயணி இறங்க மூன்று மணி நேரத்துக்கும் மேலானது. வண்டி தாங்கக்கூடியது 104 டன், அன்று ஏறியிருந்தது 109 டன் என்று விளக்கம் தரப்பட்டது. ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 20 முதல், மோனோ சேவையே நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. கூட்டம் அதிகமாகிவிட்டது என்று சொல்லும்போது, ஏறிய மக்கள்தான் தவறு செய்தார்கள் என்பது போன்ற ஒரு தொனி அதில் வந்துவிடுகிறது. அந்த 109 டன்னில் பெரும் பங்கு இன்னொரு வழித்தடம் கைவிட்ட பயணிகள். ஹார்பர் தடம் நின்றால் அந்தக் கூட்டம் மோனோவுக்கும், சாலையில் போகும் பெஸ்ட் பேருந்துக்கும், ஆட்டோ நிறுத்தத்துக்கும்தான் பாயும் என்பது செம்பூரில் காய்கறி விற்பவருக்கும் தெரியும். பயணியின் கண்ணில் இது ஒரே நகரம், ஒரே பயணம். உங்கள் கோப்புகளில் மட்டும்தான் அது ரயில்வேயின் தாமதமாகவும், மோனோவின் பழுதாகவும், பெஸ்ட்டின் நெரிசலாகவும் தனித்தனியே பிரிந்து கிடக்கிறது.

மழை நாளில் சயான் நிலையத்தில் நிற்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்பணமாகக் கட்டிய சீசன் பாஸ், பிளாஸ்டிக் உறைக்குள், அவர் கைப்பையில் இருக்கிறது. வெளியே வந்து பேருந்துக்குக் காசு கொடுக்கிறார். 2025 மே மாதத்தில் பெஸ்ட்டின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயானது. குளிர்சாதனப் பேருந்தில் 6 ரூபாய் 12 ஆனது. சயான் ரயில்வே மேம்பாலம் மறுகட்டுமானத்துக்காக 2024 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகு பேருந்து சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பேருந்து அசையாவிட்டால் ஆட்டோ. ஆட்டோக்காரர் மீட்டரைத் தொடாமல் ஒரு தொகை சொல்வார். அன்றைய கூலியில் பாதி இப்படிப் போனாலும், நின்றுபோன ரயிலுக்கு அவர் ஏற்கெனவே கட்டிய பணத்தில் ஒரு பைசாவும் திரும்பாது. முன்பதிவில்லாத டிக்கெட்டைக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்தால் 30 ரூபாய் எழுத்தர் கட்டணம் பிடிக்க வேண்டும் என்கின்றன 2015-ஆம் ஆண்டின் ரயில்வே விதிகள். புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணமோ 5 ரூபாய். அந்த விதியை எழுதியவர்கள் மும்பைப் பயணியை மனத்தில் வைத்து எழுதவில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

ஒரு தடம் நின்றதாக அறிவிக்கப்பட்ட அந்த நேரத்திலிருந்து, அந்தத் தடத்தின் பாஸும் டிக்கெட்டும் இணையாகச் செல்லும் பேருந்திலும் மெட்ரோவிலும் கூடுதல் கட்டணமின்றி ஏற்கப்பட வேண்டும். என் முதல் கோரிக்கை இது. மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுவே. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கை நீங்கள் மாதக் கடைசியில் உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம். ஒரே செயலியில் விற்ற டிக்கெட்டின் பணத்தை 11 கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பத் தெரிந்த கணினிக்கு, இந்தக் கணக்கும் கைகூடும். நடத்துநரின் கையில் உள்ள கருவியும் பாஸைப் பார்க்கும் ஓர் ஊழியரின் கண்ணுமே இதற்குப் போதும்.

பயணியின் உரிமை, அவர் எந்த வண்டியில் ஏறினார் என்பதைப் பொறுத்து எப்படி மாறிப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விமானம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும், 6 மணி நேரத்துக்கு மேலானால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும், முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் எழுத்தில் வைத்திருக்கின்றன. தொலைதூர ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நாம் ஏறாமல் விட்டால் கட்டணம் முழுதும் திரும்பும். ஏறிவிட்டால் தாமதத்துக்கென்று விதிப்படி எதுவும் கிடையாது. புறநகர் ரயிலுக்கும் நகரப் பேருந்துக்கும் இந்த அளவுக்கான எழுத்துகூட இல்லை. ஆட்டோ வர மறுத்தால் மத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆவது பிரிவில் அபராதம் இருக்கிறது. 2019 திருத்தத்தில் மற்ற வாகனங்களுக்கு அது 200-லிருந்து 500 ரூபாயாக உயர்ந்தது. ஆட்டோ உள்ளிட்ட இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு மட்டும் பழைய 50 ரூபாயிலேயே நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு குர்லா நிலையத்துக்கு வெளியே நிற்கும் தாய்க்கு அந்த 50 ரூபாய் என்ன காவல் தரும்?

எங்களில் பலருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போகும் பயணம் இருக்கிறது. அம்பர்நாத்திலிருந்து லோக்கலில் புறப்பட்டு தாதரில் ஊருக்குப் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். லோக்கல் வழியில் நின்று, தாதர் போய்ச் சேருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டால், இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்த முன்பதிவு வீண். இரண்டையும் ஓட்டுவது இந்திய ரயில்வேதான். இரண்டு தொலைதூர ரயில்களின் பிஎன்ஆர் எண்களை இணைத்துக்கொண்டால், முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டவருக்குப் பிடித்தமின்றிப் பணம் தரும் ஏற்பாடு 2019 முதல் ரயில்வேயிடமே இருக்கிறது. தொடர்பயணம் என்ற கருத்தை ரயில்வே ஏற்றுக்கொண்டுவிட்டது. லோக்கல் பயணியைத்தான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு வண்டியின் தாமதம் இன்னொரு வண்டியில் இழப்பாக முடிந்தால் அதற்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றமும் சந்தித்திருக்கிறது. 2016 ஜூனில் ஜம்முவுக்குச் சென்ற ஒரு ரயில் 4 மணி நேரம் தாமதமானது. அதில் வந்த குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டு, டாக்சியில் போக வேண்டியதாயிற்று. தாமதம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று ரயில்வே நிரூபிக்காத வரையில் அது இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்று 2021 செப்டம்பர் 6 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, 30,000 ரூபாய் வழங்கிய நுகர்வோர் ஆணையங்களின் உத்தரவை உறுதிசெய்தது. கொள்கை அளவில் இதைவிடத் தெளிவான ஆதரவு பயணிக்குக் கிடைத்துவிட முடியாது. ஆனால் 30,000 ரூபாய்க்காக ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுகள், மாவட்டத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. தினக்கூலியில் வாழ்பவர் அந்தப் பாதையில் ஓர் அடிகூட வைக்க மாட்டார். ஆகவே, கேட்டுப் பெறும் உரிமையாக இல்லாமல், நீங்களே முன்வந்து தரும் ஏற்பாடாக இது மாற வேண்டும்: டிக்கெட் எடுத்த அதே கணக்குக்கு, பயணி மனு எழுதாமலேயே பணம் திரும்ப வேண்டும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறக்கும் பயணியின் குடும்பத்துக்கு, யார் மீது குற்றம் என்று பாராமலேயே 8 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்கிறது ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவும் அதன் கீழான விதியும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே நெரிசலான ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாறு விழுந்தவர் முறையான பயணி என்று காட்ட வேண்டிய கட்டம் வரும்போது, முதலில் கேட்கப்படுவது டிக்கெட். உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது, உறவினரின் பிரமாணப் பத்திரம் தொடக்கச் சான்றாக ஏற்கப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. காகித டிக்கெட் சட்டைப் பையில் இருந்த காலத்தின் சிக்கல் அது. இப்போது டிக்கெட் கைப்பேசியில் இருக்கிறது. கைப்பேசி தண்டவாளத்தில் சிதறிவிடும், அல்லது எவர் கையிலாவது போய்ச் சேரும். பிழைத்திருந்தாலும் அதன் கடவுச்சொல் இறந்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். தாராவியின் ஒரு சந்தில் இருந்து வரும் மனைவி அந்தத் திரையை எப்படித் திறப்பார்?

அந்த டிக்கெட்டின் பதிவு அழிந்துவிடவில்லை. எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே போக எடுக்கப்பட்டது என்ற அத்தனையும் டிக்கெட்டை விற்றவரின் கணினியில் இருக்கிறது. எனவே, விபத்து நடந்த எந்தப் பயணியின் மின்னணு டிக்கெட் பதிவையும் அழிக்காமல் பாதுகாத்து, குடும்பம் கேட்ட சில நாட்களில் கட்டணமின்றிச் சான்றளித்துக் கொடுப்பதை 11 அமைப்புகளும் தங்கள் கடமையாக எழுத்தில் ஏற்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய ஓராண்டுதான் அவகாசம். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த ஓராண்டு எவ்வளவு விரைவாக ஓடிவிடும் என்பதை எங்கள் தெருக்களில் பார்த்திருக்கிறோம்.

அதே மனிதர் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்தில் அடிபட்டால் போக வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். 2019 திருத்தம் அதற்கு 6 மாத வரம்பு வைத்தது, அந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. மெட்ரோ என்றால் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமைக் கோரல் ஆணையர். சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் ஆணையம், அவகாசம் 2 ஆண்டுகள். 2024 டிசம்பர் 18 அன்று கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதி 15 பேர் இறந்தபோது, முதலமைச்சர் நிதியிலிருந்து உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. அரசு மனமுவந்து அறிவிப்பது தேவையே. ஆனால் படகில் ஏறியவருக்கு எது உரிமை, அதை எங்கே கேட்பது என்று அந்தப் படகுத்துறையில் டிக்கெட் வாங்கும் இடத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். படகுச் சேவைகளையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரும்படி கேட்கிறேன்.

விபத்து என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லாதவற்றில்தான் பயணி அதிகம் அலைகிறார். எங்கள் கட்டடத்தில் வாழும் ஆச்சி ஒருவர், ஒரு ரயில் நிலையத்தையும் இன்னொரு நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். படியின் விளிம்பில் ஒட்டியிருந்த உலோகப் பட்டை ஒரு முனையில் பெயர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு மேலே எழும்பியிருந்தது; அவருடைய சேலை ஓரம் அதில் மாட்டிக்கொண்டது. முழங்கால் சில்லு விரிசல் விட்டது. புகார் எழுத நான்தான் உடன் போனேன். முதல் அலுவலகத்தில், அந்தப் படிக்கட்டு எங்களுடையதல்ல என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், பாலம்தான் எங்களுடையது, படிக்கட்டு அவர்களுடையது என்றார்கள். இருவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் ஆச்சிக்கு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். புகாரை மட்டும் எவரும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பட்டை நெடுநாள் அப்படியே எழும்பி நின்றது. எல்லை எங்கே முடிகிறது என்று அந்த அலுவலகங்களுக்கே தெரியாதபோது, அதை எழுபது வயதுப் பெண்மணி கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது என்ன நியாயம்?

எனவே புகாரைப் பெற்றுக்கொள்ளும் வாசல் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த அமைப்பின் எந்தக் கவுண்டரில் கொடுத்தாலும் அது பதிவாக வேண்டும். உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அலுவலகங்களின் வேலை. ரயில்வேக்கு 139 என்ற உதவி எண்ணும் ‘ரயில் மதத்’ (Rail Madad) என்ற புகார்த் தளமும் இருக்கின்றன. அவை ரயில்வேக்குள் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் நிலையத்தின் கேட்டைத் தாண்டியதும் அவற்றின் கை நின்றுவிடுகிறது. எழுதத் தெரியாதவரும் தன் மொழியில் வாயால் சொல்லிப் புகார் தர வழி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நகரத்தைத் துப்புரவு செய்கிறவர்களிலும் சமைத்துப் போடுகிறவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

இந்தக் கோரிக்கைகள் வேறெங்கும் இல்லாதவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் விமானப் பயணிக்கு 2004-இலும், கப்பல் பயணிக்கு 2010-இலும், பேருந்துப் பயணிக்கு 2011-இலும் தனித்தனிச் சட்டங்கள் செய்தது. ரயில் பயணிக்கான சட்டத்தை 2021-இல் புதுப்பித்தது. அங்கே ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திரும்ப வேண்டும். இவ்வளவு செய்த பிறகும், ஒரே பயணத்தில் ரயிலும் விமானமும் பேருந்தும் மாறுபவர் இந்தச் சட்டங்களின் இடைவெளியில் விழுந்துவிடுகிறார் என்பதை உணர்ந்து, பல்வகை வண்டிகளில் தொடரும் பயணத்துக்கான உரிமைகள் பற்றித் தனியாக ஒரு சட்ட முன்மொழிவை 2023 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் வைத்தது. மும்பையில் அந்த இடைவெளி விதிவிலக்கல்ல, அன்றாடம். நாளுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் லோக்கலில் போகும் இந்த ஊரில், வீட்டு வாசலிலிருந்து வேலை வாசல் வரை ஒரே வண்டியில் போகிறவர் வெகு சிலரே.

5 ரூபாய்க்கு டிக்கெட் விற்கும் சேவை இழப்பீடு கொடுக்கத் தொடங்கினால் எப்படித் தாங்கும் என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். அது நேர்மையான கவலை; பெஸ்ட்டின் நிதி நெருக்கடி எல்லோரும் அறிந்தது. மழையால் நின்ற ஒவ்வொரு ரயிலுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இயற்கை நிறுத்திய வண்டிக்குத் தண்டம் வேண்டாம். அந்த நேரத்தில் மாற்று வண்டியும், உண்மைத் தகவலும், கட்டிய பணத்துக்குக் கணக்கும் வேண்டும். கணக்கு என்பது சிறிய தொகைதான். மாத பாஸ் வைத்திருப்பவருக்கு முழுநாள் சேவை நின்ற ஒவ்வொரு நாளுக்கும் பாஸின் காலத்தை ஒரு நாள் நீட்டித்துக் கொடுத்தால், கஜானாவிலிருந்து எதுவும் எடுக்க வேண்டியதில்லை. பெற்றவருக்கோ, தன் நாள் கணக்கில் கொள்ளப்பட்டது என்ற நிறைவு கிடைக்கும்.

குறிப்பாக ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். ஜூன் மாதத்தில் பருவமழை மும்பைக்கு வந்துவிடும். அதற்கு முன்பாக, மும்பைப் பெருநகரப் பகுதி வளர்ச்சி ஆணையம் மற்ற அமைப்புகளை அழைத்து, ஒரு தடம் நின்றால் எந்தெந்தப் பேருந்திலும் மெட்ரோவிலும் அந்தப் பாஸ் செல்லும் என்ற பட்டியலை மட்டுமாவது தீர்மானித்து, ஒவ்வொரு நிலையத்திலும் கவுண்டருக்கு மேலே எழுதி ஒட்ட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பயணிகளின் பிரதிநிதிகளையும் அழையுங்கள். செம்பூர், தாராவி, ஆண்டாப் ஹில் பகுதிகளிலிருந்து வரவும், எந்தத் தடம் நின்றால் எங்கே கூட்டம் சேர்கிறது என்பதைத் தெருத்தெருவாக எடுத்துச் சொல்லவும் எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். டிக்கெட் பதிவுகளைக் குடும்பங்களுக்குத் தருவது குறித்த சுற்றறிக்கைக்குக் கூட்டம்கூடத் தேவையில்லை; அதை ஒவ்வொருவரும் இந்த மாதமே வெளியிடலாம்.

பணிவுடன்,
செம்பூரிலிருந்து ஒரு பயணி